மூன்று கமரா, ஒரு ஒலி: கூத்து வீடியோவில் சனல் சிக்கலைத் தீர்ப்பது

இடது காதில் அண்ணாவியாரின் (கூத்தைப் பழக்கி நடத்துகிறவர்) குரல், வலது காதில் சத்தமே இல்லை. அல்லது கமரா மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் மத்தளம் கூடிக் குறைகிறது. அல்லது ஹெட்போனில் கணீரென்று கேட்ட பாட்டு, போனில் போட்டதும் காணாமல் போகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இரண்டு மூன்று கமரா வைத்துக் கூத்து, கலியாணம், கோயில் சடங்கு எடுக்கிற தம்பிமார் என்னிடம் கொண்டு வருகிற ஒலிச் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றுமே சனல் சிக்கல்கள். சனல் என்பது ஒரு கோப்புக்குள் இருக்கிற தனித்தனி ஒலிப் பாதை. வெட்டத் தொடங்குவதற்கு முன் கவனித்தால் சின்ன வேலை. முழு இரவுக் கூத்தையும் வெட்டி முடித்த பிறகு கவனித்தால் பெரும் பாடு.

நான் களுவாஞ்சிகுடியில் இருந்து வேலை செய்கிறேன். கூடுதலாகப் பிரீமியர் புரோவில்தான் எடிட் செய்வேன். ஆகவே மெனுப் பெயர்களை அதை வைத்தே சொல்கிறேன். டாவின்சி ரிசோல்வ் பாவிக்கிறவர்களுக்கும் பிறகு சொல்வேன்.

உதாரணத்துக்கு ஒரு வடமோடிக் கூத்து அரங்கேற்றத்தை எடுத்துக்கொள்வோம். களரிக்கு (கூத்து ஆடுகிற இடம்) நேரே பரண் கட்டி, அதில் ஒரு கம்கோடர். அதன் முதலாவது எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள ஒலி வயர்) உள்ளீட்டுக்கு சவுண்ட்காரரின் மிக்சரில் இருந்து ஒரு வயர் வருகிறது, இரண்டாவதில் நம்முடைய கன் மைக் (நேரே முன்னால் உள்ள ஒலியைப் பிடிக்கிற நீண்ட மைக்). களரியின் வலப் பக்கம் ஸ்டாண்டில் ஒரு மிரர்லெஸ் கமரா, அதில் வயர்லெஸ் மைக்கின் ரிசீவர். மூன்றாவது கமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சுற்றி வருகிறார், அதில் கமராவின் சொந்த மைக் மட்டும். மத்தளமும் சல்லரியும் (கைத்தாளம்) பிற்பாட்டும் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரெக்கோடர். படத்துக்கு மூன்று கண், ஒலிக்கு நான்கு மூலம். நான்கும் நான்கு விதம்.

வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டும்

எல்லாக் கோப்புகளையும் கணினியில் ஏற்றியதும் டைம்லைனை (துண்டுகளை வரிசையாக அடுக்கி வெட்டுகிற இடம்) தொட வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கமராவிலும் ஒரு துண்டைத் திறந்து, இடது சனலில் என்ன இருக்கிறது, வலது சனலில் என்ன இருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். பரண் கமரா: இடது மிக்சர், வலது கன் மைக். வலப் பக்கக் கமரா: இடது வயர்லெஸ், வலது அதே ஒலி ஆனால் தாழ்ந்து. கைக் கமரா: இரண்டிலும் சுற்றுச் சத்தம். இந்தத் தாள் இல்லாமல் நான் எந்த வேலையையும் தொடங்குவதில்லை. உதவிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் முதல் பாடம் இதுதான்.

அலைவடிவத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. மிக்சர் வயரில் மின்சார இரைச்சல் ஏறியிருந்தால் அலை கொழுத்துத் தெரியும், கேட்டால் ‘ம்ம்ம்’ என்று ஒரே உறுமல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த உறுமலும் 50, 100, 150 என்ற இடங்களில்தான் உட்காரும். கன் மைக் சனல் சுத்தமாக இருந்தால் இரைச்சலை நீக்குகிற வேலையே வேண்டாம், சனலை மாற்றினால் போதும்.

இங்கேதான் முதல் சிக்கலின் வேரும் இருக்கிறது. பரண் கமராவில் பதிந்தது ஸ்டீரியோ, அதாவது இடதும் வலதும் சேர்ந்த ஒரே ஒலி, அல்ல. இரண்டு தனி மோனோ (ஒற்றைச் சனல்) ஒலிகள் ஒரே கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மென்பொருளுக்கு அது தெரியாது. இரண்டு சனல் கண்டதும் ஸ்டீரியோ என்று எடுத்துக்கொண்டு ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்பிவிடும். பாட்டு ஒரு காதிலும் சனத்தின் சத்தம் மறு காதிலும் கேட்பது அதனால்தான்.

திருத்த, புரொஜெக்ட் பெட்டியில் பரண் கமராவின் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துத் தெரிவு செய்யுங்கள். வலது கிளிக், ‘மொடிஃபை’, பிறகு ‘ஓடியோ சனல்ஸ்’. வரும் பெட்டியில் சனல் வகையை ‘மோனோ’ ஆக்கி, ஓடியோ கிளிப் எண்ணிக்கையை 2 என்று கொடுங்கள். முதலாவதுக்கு இடது, இரண்டாவதுக்கு வலது. இப்போது அந்தத் துண்டை டைம்லைனில் போட்டால் இரண்டு டிராக்காக இறங்கும். ஒவ்வொன்றும் இரண்டு காதிலும் நடுவில் கேட்கும், தேவையில்லாததை மூடலாம். கன் மைக்கே வேண்டாம் என்றால் எண்ணிக்கையை 1 ஆக்கி இடதை மட்டும் கொடுத்தால் சரி.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மாற்றம் இனிமேல் டைம்லைனில் இறங்குகிற துண்டுகளுக்குத்தான். ஏற்கனவே வெட்டிப் போட்டவை அப்படியேதான் இருக்கும். ஆகவேதான் முதலில் செய்யச் சொல்கிறேன். எப்போதும் இதே மாதிரிப் பதிகிறவர்கள், பிரிஃபரன்சஸில் டைம்லைன் பகுதிக்குப் போய், ஸ்டீரியோ கோப்புகளை மோனோவாக எடுக்கும்படி வைத்துவிட்டு அதன் பிறகு கோப்புகளை ஏற்றலாம்.

மல்டிகம் செய்யும்போது

மல்டிகம் என்றால் எல்லாக் கமராக்களின் துண்டுகளையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தி, கமரா மாற்றி மாற்றி வெட்டுவது. துண்டுகளைத் தெரிவு செய்து ‘கிரியேட் மல்டி கமரா சோர்ஸ் சீக்குவன்ஸ்’ கொடுத்ததும் ஒரு பெட்டி வரும். பலர் அதை வாசிக்காமல் ஓகே கொடுக்கிறார்கள். அதில் மூன்று இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒலியை வைத்து சிங்க் செய்ய (நேரம் பொருத்த) சொல்கிற இடத்தில் எந்த டிராக் சனலை வைத்து என்று கேட்கும். வழக்கமாக 1 என்று நிற்கும். ஒரு கமராவின் முதலாவது சனலில் வயர் செருகாமல் வெறுமையாக இருந்தால் சிங்க் ஆகாது, அல்லது தவறான இடத்தில் ஒட்டும். ‘கமரா பழுது’, ‘சொஃப்ட்வெயார் பழுது’ என்று சொல்லி வருகிற வேலைகளில் பல இதுதான். ‘மிக்ஸ் டவுன்’ என்று மாற்றினால் இரண்டு சனலையும் சேர்த்துப் பார்த்து ஒட்டிவிடும்.

அடுத்தது, எந்த ஒலி கேட்க வேண்டும் என்கிற தெரிவு. ‘கமரா 1’ என்றால் முதலாவது கமராவின் ஒலி மட்டும் திறந்திருக்கும், மற்றவை மூடியிருக்கும். ‘ஓல் கமராஸ்’ என்றால் எல்லாமே திறந்திருக்கும். கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரிக் கேட்கிற வீடியோக்கள் இந்தத் தெரிவால் வருபவை. ‘சுவிச் ஓடியோ’ என்றால் படம் மாறும்போது ஒலியும் சேர்ந்து மாறும். கூத்துக்கு அது கூடவே கூடாது. தாளம் தொடர்ந்து ஓடுகிற ஆட்டத்தில், ஒரு கமராவில் மத்தளம் கிட்டவும் அடுத்ததில் எட்டவும் கேட்டால் பார்க்கிறவருக்கு ஆட்டமே உடைந்துபோகும். கண் எங்கே வேண்டுமானாலும் தாவலாம், காது ஓரிடத்தில் இருக்க வேண்டும். மல்டிகம் வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விதி இது.

ஆகவே ‘கமரா 1’ஐத் தெரிவு செய்து, நல்ல ஒலி உள்ள கமரா முதலாவதாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இடம், ஓடியோ சனல் வகை. அங்கே ‘ஸ்டீரியோ’ என்று இருந்தால் இரண்டுக்கு மேற்பட்ட தனிச் சனல்கள் உள்ளே கலந்துவிடும். தனித்தனியே வெளியே வர வேண்டுமானால் ‘அடப்டிவ்’.

சரி, ஏற்கனவே எல்லாம் வெட்டி முடிந்துவிட்டது, அரங்கேற்றத்துக்கு வர முடியாமல் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றால்? கைவிட வேண்டியதில்லை. டைம்லைனில் உள்ள மல்டிகம் துண்டைக் கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இரட்டைக் கிளிக் செய்யுங்கள். உள்ளே இருக்கிற மூல சீக்குவன்ஸ் திறக்கும். தவறான டிராக்கை அங்கே மூடி, சரியானதைத் திறந்தால் வெளியே உள்ள அத்தனை வெட்டுகளிலும் ஒரே தடவையில் திருந்திவிடும். பாட்டு இடது காதில் மட்டும் என்றால், உள்ளே உள்ள அந்தத் துண்டின் மேல் ‘ஃபில் ரைட் வித் லெஃப்ட்’ என்ற ஓடியோ எஃபெக்டைப் போடுங்கள். இடதில் உள்ளதை வலதிலும் நிரப்பி, வலதில் முன்பு இருந்ததை நீக்கிவிடும். வலது காதில் மட்டும் என்றால் ‘ஃபில் லெஃப்ட் வித் ரைட்’. வெளியே ஒவ்வொரு துண்டாக இதைப் போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

போனில் மட்டும் காணாமல் போகும் குரல்

இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். திருக்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு வேலையைக் கொண்டு வந்தார். அவருக்கு வந்த வட்ஸ்அப் குரல் பதிவையும் போட்டுக் காட்டினார்: “தம்பி, மத்தளம் கேக்குது, சல்லரி கேக்குது, பாட்டு மட்டும் கேக்குதில்ல, ஏங்கா?” அவருடைய ஹெட்போனில் பாட்டு இருந்தது. எடிட் செய்கிற மேசையில் உள்ள இரண்டு ஸ்பீக்கரிலும் இருந்தது. போனில் இல்லை.

காரணம் வயரில். மிக்சரின் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டில் மூன்று முள். ஒன்று பூமி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒரே ஒலி, ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் புரட்டப்பட்டது. நீண்ட வயரில் ஏறுகிற இரைச்சலை நீக்குவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த வயரின் மறு முனையில் சாதாரண ஸ்டீரியோ சின்ன ஜக்கை ஒட்டி மிரர்லெஸ் கமராவில் செருகினால், கமரா இரண்டாம் முள்ளை இடது என்றும் மூன்றாம் முள்ளை வலது என்றும் எடுத்துக்கொள்கிறது. இடதும் வலதும் எதிரெதிர். இரண்டு காதில் தனித்தனியே கேட்கும்வரை குரல் இருக்கும், ஆனால் நடுவில் நிற்காமல் தலைக்கு வெளியே அகன்று, உள்ளீடற்றுக் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டும்போது, ஒரே தோணியை இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் சம பலத்தோடு இழுத்தது போல, எதுவும் மிஞ்சாது. மத்தளம் வேறு மைக்கில் வந்ததால் தப்பிவிட்டது.

தீர்வு சுகமானது. ஒரு சனலைத் தூக்கி எறிய வேண்டும். இரண்டிலும் இருப்பது ஒரே பாட்டுத்தான், எதையும் இழக்கமாட்டீர்கள். மேலே சொன்ன ‘ஓடியோ சனல்ஸ்’ பெட்டியில் மோனோ, எண்ணிக்கை 1, இடது மட்டும். அல்லது ‘ஃபில் ரைட் வித் லெஃப்ட்’. பிரீமியரின் ‘இன்வேர்ட்’ எஃபெக்டைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று அந்தத் தம்பி சொன்னார். அது இரண்டு சனலையும் சேர்த்துப் புரட்டுவதால் எதிரெதிர் நிலை அப்படியேதான் இருக்கும்.

இதைப் பிடிக்கிற சோதனை ஒன்று உண்டு. வேலையைக் கொடுக்கிறதுக்கு முன் ஒரு சின்னத் துண்டை மோனோவாக எக்ஸ்போர்ட் செய்து கேளுங்கள். போனிலும் அக்சசிபிலிட்டி பகுதியில் மோனோ ஒலி என்ற தெரிவு இருக்கிறது, அதைப் போட்டும் கேட்கலாம். எங்கள் சனம் கூத்தையும் கலியாணத்தையும் பார்ப்பது போனில்தான். பெரிய ஸ்பீக்கரில் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும், போனில் கேட்காவிட்டால் அந்த அம்மம்மாவுக்குப் பேரனின் பாட்டு இல்லைதான்.

இனி எடுக்கும்போது வராமல் இருக்க, மிக்சரில் இருந்து மிரர்லெஸ் கமராவுக்கு நேரடியாக வயர் கொடுக்க வேண்டாம். எக்ஸ்எல்ஆர் உள்ள கம்கோடருக்கோ ரெக்கோடருக்கோ கொடுங்கள். அங்கும் உள்ளீட்டை ‘மைக்’கில் இருந்து ‘லைன்’ பக்கம் மாற்ற மறக்கக் கூடாது. லைன் ஒலி மைக்கை விடப் பல மடங்கு பலமானது, மைக் உள்ளீட்டில் விட்டால் வெடித்துப் பதியும். வெடித்த ஒலிக்கு எடிட்டில் நல்ல மருந்து இல்லை.

பரணுக்கும் களரிக்கும் நடுவே உள்ள தூரம்

ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். நாம் பதிவது வினாடிக்கு 25 ஃபிரேம். ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி கிட்டத்தட்ட 14 மீட்டர் நகரும். பரண் ஸ்பீக்கரில் இருந்து 28 மீட்டர் தள்ளி இருந்தால், கன் மைக்கில் பதிகிற பாட்டு மிக்சர் வயரில் வருகிற பாட்டை விட இரண்டு ஃபிரேம் பிந்தும். இரண்டையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் எதிரொலிதான்.

அதனால் மிக்சர் ஒலியையும் மத்தளத்தடி ரெக்கோடரையும் தலைமை ஒலியாக எடுத்து, கன் மைக்கைச் சனத்தின் ஆரவாரத்துக்கு மட்டும் அங்கங்கே ஏற்றுவேன். மிக்சரையும் ரெக்கோடரையும் கலக்கும்போது ஃபிரேம் அளவில் நகர்த்துவது போதாது. டைம்லைன் மெனுவில் ‘ஷோ ஓடியோ டைம் யூனிட்ஸ்’ போட்டால் ஒரு ஃபிரேமுக்குள்ளும் நகர்த்தலாம். சல்லரியின் ஒரு தட்டலைப் பெரிதாக்கி, இரண்டு அலையிலும் அதன் முனை நேராக வரும்வரை நகர்த்துங்கள். மத்தளத்தை விட சல்லரி நல்லது, அதன் தொடக்கம் ஊசி மாதிரிக் கூராக இருக்கும். நேரானதும் கேட்டுப் பாருங்கள்: மெலிந்து கேட்ட குரல் உடனே தடிக்கும்.

நீண்ட பதிவில் இன்னொரு சிக்கல். ரெக்கோடரின் கடிகாரமும் கமராவின் கடிகாரமும் அச்சொட்டாக ஒன்றல்ல. தொடக்கத்தில் சரியாக இருந்த சிங்க், நடுச்சாமத்துக்குப் பிறகு வாயும் பாட்டும் பொருந்தாமல் நழுவும். முழு இரவையும் ஒரே கட்டையாக இழுத்துச் சரிக்கட்ட முயல வேண்டாம். கூத்தில் ஒரு பாத்திரம் உள்ளே போய் அடுத்தது வரவு ஆட வருகிற இடைவெளி இருக்கிறதே, அங்கே ரெக்கோடர் ஒலியை வெட்டி மறுபடி பொருத்துங்கள். யாருக்கும் தெரியாது. ரெக்கோடரை 44.1 கிலோஹேர்ட்ஸில் விடாமல் கமராக்களைப் போல 48இல் வைத்துக்கொள்வதும் நல்லது.

பழைய மிரர்லெஸ் கமராக்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும். மறுபடி அழுத்துகிற வரைக்கும் ஒலியில் ஓட்டை. கம்கோடரோ நிறுத்தாமல் பதியும், ஆனால் கார்டில் கோப்பைத் துண்டு துண்டாக உடைத்து வைக்கும். அந்தத் துண்டுகளை மட்டும் தனியே இழுத்துப் போடாமல், கார்டின் முழு ஃபோல்டரையும் அப்படியே பிரதி எடுத்து ‘மீடியா பிரவுசர்’ வழியாக ஏற்றினால் ஒரே நீளமாக வரும், ஒட்டு இடத்தில் ‘டிக்’ என்ற சத்தமும் வராது.

கலியாணத்துக்கு ஒரு சொல். வயர்லெஸ் மைக்கில் பாதுகாப்புச் சனல் என்று ஒன்று இருக்கிறது. ரோட் வயர்லெஸ் கோ 2இல் அதைப் போட்டால், ஒரு சனலில் வழக்கமான ஒலி, மற்றதில் அதே ஒலி 20 டெசிபெல் தாழ்ந்து பதியும். கெட்டிமேளம் முழங்கும்போது முதலாவது வெடித்தால் அந்த இடத்துக்கு மட்டும் இரண்டாவதை எடுத்து உயர்த்திவிடலாம். காத்தான்குடிப் பக்கம் நிக்காஹ் எடுக்கும்போது, மாப்பிள்ளை மெல்லிய குரலில் சொல்கிற சம்மதத்துக்கு முதலாவது சனலே போதும். ஆனால் இந்தப் பதிவை ஸ்டீரியோ என்று விட்டால் ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் சரிந்து கேட்கும். இதையும் இரண்டு மோனோவாகப் பிரித்தே வேலை செய்ய வேண்டும்.

டாவின்சி ரிசோல்வில் வழி இதேதான், பெயர்தான் வேறு. மீடியா பூலில் துண்டுகளைத் தெரிவு செய்து, வலது கிளிக் செய்து ‘கிளிப் அட்ரிபியூட்ஸ்’ திறந்து, ‘ஓடியோ’ பகுதியில் மோனோவாக்கி எந்தச் சனல் என்று கொடுங்கள். அப்புறம் மல்டிகம் கிளிப் செய்யும்போது ‘ஆங்கிள் சிங்க்’ இடத்தில் ‘சவுண்ட்’. வெட்டத் தொடங்கும்போது மல்டிகம் திரையின் கீழ் உள்ள பொத்தான்களில் படம் மட்டும் மாறுகிறதைத் தெரிவு செய்தால், ஒலி அசையாமல் நிற்கும்.

எல்லாம் முடிந்து வீடியோவைக் கொடுக்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கொடுங்கள்: கலக்காத ஒலி. மிக்சர் சனல் தனியாக, மத்தளத்தடி ரெக்கோடர் தனியாக, வேவ் கோப்பாக. சட்டம் கொடுத்த (பாத்திரத்துக்குரிய பாட்டு, வசனத்தைக் கொடுத்த) நாளில் இருந்து சதங்கை அணி, அடுக்கு (ஒத்திகை) என்று மாதக்கணக்கில் பாடுபட்டுத்தான் ஒரு கூத்து அரங்கேறுகிறது. அடுத்த முறை பழகுகிற பிள்ளைக்கு, பாட்டு மூடாத மத்தளமும் மத்தளம் மூடாத பாட்டும் தனித்தனியே கிடைத்தால் எவ்வளவு உதவி. யூரியூப்பில் போட்ட கலவையில் இருந்து அவற்றைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது சுலபமல்ல. கோப்பின் பெயரிலேயே கூத்தின் பெயர், ஊர், திகதி, எந்த மைக் என்று எழுதிவிடுங்கள். தொடக்கத்தில் எழுதிய சனல் தாளையும் போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு, ஒரு பிரதியை அண்ணாவியாரின் வீட்டிலும் இன்னொன்றை உங்களிடமும் வையுங்கள்.